ஆறு மணி விருந்தாளிக்கு ஒரு சத்திரம்

(டிசம்பர் மாதப் பொதுக்குழுக் கூட்டத்தின் நிறைவில், பி பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



இருபது நிமிடம் கேட்டிருக்கிறேன். லிஃப்ட் பராமரிப்புக் கணக்கையும் தண்ணீர் லாரிக் கணக்கையும் கேட்டுக் களைத்துப்போயிருப்பீர்கள். நான் கணக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரு பறவையைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

பின்பக்க மதிலோரம் அறுபது அடி நீளம், இருபது அடி அகலத்துக்கு ஓர் இடம் புதராகக் கிடக்கிறது. இரண்டு வேம்பு, ஒரு பூவரசு, ஒரு நுணா, ஒரு மூங்கில் கொத்து, அடியில் நொச்சியும் ஆடாதொடையும். அதைச் சுத்தம் செய்து, பேவர் பிளாக் போட்டு, இரு சக்கர வாகனங்கள் நிறுத்தலாம் என்ற யோசனை அடுத்த கூட்டத்தில் ஓட்டுக்கு வருகிறது. அந்த ஓட்டுக்கு முன்னால், அங்கே இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை வாட்ச்மேன் ஓடி வந்து கதவைத் தட்டினார். "சார், ஜிம் ரூம் கண்ணாடிக்குக் கீழே ஒரு குருவி விழுந்து கிடக்கு. கலர் கலரா இருக்கு. யாரோ வளர்த்த கிளின்னு நெனைக்கிறேன்" என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். கிளி இல்லை. மைனாவைவிடச் சற்றுச் சிறிய உடம்பு. வாலை யாரோ கத்தரித்துவிட்டதுபோலக் கட்டையாக இருந்தது. முதுகு பச்சை, வயிறு சந்தன நிறம், தொண்டை வெள்ளை, கண்ணை ஒட்டி மை தீட்டியதுபோல ஒரு கறுப்புப் பட்டை. இறக்கையில் பளீரென்ற நீலம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. இந்தியில் இதற்கு நவ்ரங் என்று பெயர், ஒன்பது நிறம் என்று பொருள். தமிழில் இதன் பெயர் ஆறுமணிக்குருவி.

விடியற்காலையும் அந்திப் பொழுதும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இரண்டே சுரம். முதல் சுரம் மேலே ஏறும், அடுத்தது இறங்கும். தெருமுனையில் நண்பனைக் கூப்பிட யாரோ விசில் அடிப்பதுபோல இருக்கும். மழை மூட்டமாக இருந்தால் பகலிலும் கூப்பிடும். ஆங்கிலத்தில் இதை இந்தியன் பிட்டா என்கிறார்கள். பிட்டா என்பது தெலுங்குச் சொல், குருவி என்றுதான் பொருள். உலகம் முழுவதும் அறிவியல் புத்தகங்களில் அந்தத் தெலுங்குச் சொல்லே இந்தக் குடும்பத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது. நாயக்கர் காலத்திலிருந்து தெலுங்கு கேட்டுப் பழகிய தஞ்சாவூருக்கு இது அந்நியமான பெயர் இல்லை.

எங்கிருந்து வருகிறது?

இது நம் ஊர்ப் பறவை இல்லை. இனப்பெருக்கம் செய்யும் இடம் இமயமலை அடிவாரக் காடுகளும் மத்திய இந்தியாவின் மலைக்காடுகளும். மே முதல் ஆகஸ்டு வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அங்கே தரையிலோ தாழ்ந்த கிளையிலோ குச்சியும் சருகும் புல்லும் வைத்துப் பந்துபோலக் கூடு கட்டும். நான்கைந்து முட்டை இடும். குஞ்சுகள் பறக்கப் பழகி, அங்கே குளிர் தொடங்கும் நேரத்தில் தெற்கே புறப்படும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை நம் பக்கம் வந்து சேரும். சில இங்கேயே தங்கும், சில கடல் தாண்டி இலங்கைக்குப் போகும். ஏப்ரல், மே மாதங்களில் மறுபடி வடக்கே கிளம்பிவிடும்.

டேராடூன் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு குருவி கிளம்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூருக்கு நேர்கோட்டில் அளந்தாலே 2,000 கிலோமீட்டருக்கு மேல். அதன் எடை ஏறக்குறைய 50, 60 கிராம். நம் வீட்டுக் கோழிமுட்டை ஒன்றின் எடை அவ்வளவுதான். அந்த எடையோடு, இரவில், நட்சத்திர வெளிச்சத்தில் பறந்து வருகிறது. பகலில் எங்காவது மர நிழலில் இறங்கி, சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்று, களைப்பு தீர்ந்ததும் மறுபடி கிளம்புகிறது.

பறவைகள் இப்படிப் போய் வருவதைத் தமிழில் வலசை என்கிறோம். நம் பக்கத்து ஆளுக்கு இது புதிய செய்தியும் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், பட்டீஸ்வரத்தை ஒட்டிச் சத்திமுத்தம் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் புலவர் ஒருவர் வறுமையால் பாண்டிய நாட்டுக்குப் போய், குளிரில் நடுங்கியபடி, தெற்கே போய்விட்டு வடக்கே திரும்பும் நாரையைப் பார்த்து, என் ஊரில் என் மனைவியிடம் என் நிலையைச் சொல் என்று பாடினார். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த பாட்டுத்தான். நாரை பருவம் தவறாமல் தெற்கே போகும், வடக்கே திரும்பும் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் நாரை பெரிய பறவை, வயல் வெளியில் நிற்பது, எல்லோர் கண்ணிலும் படும். புதருக்குள் சருகோடு சருகாக நடக்கும் ஆறுமணிக்குருவி அப்படி இல்லை. பல ஆண்டு ஒரே இடத்தில் குடியிருந்தவர்கள்கூட அதன் விசிலைக் கேட்டிருப்பார்கள், பறவையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டெல்டாவில் காடு எங்கே இருக்கிறது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம் டெல்டா பறவைகளுக்குப் பேர்போன இடம். வடுவூர் ஏரி, உதயமார்த்தாண்டபுரம், அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி எல்லாம் பறவைகள் சரணாலயங்கள். மூன்றுமே இன்று சர்வதேச ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலங்கள். ஆனால் இவையெல்லாம் நீர்ப்பறவைகளுக்கானவை. கொக்குக்கு வயல் இருக்கிறது, வாத்துக்கு ஏரி இருக்கிறது, நாரைக்குக் குளத்துக் கருவேல மரம் இருக்கிறது. காட்டுப் பறவைக்கு என்ன இருக்கிறது?

மாயவரத்திலிருந்து தஞ்சாவூர் வரை பஸ்ஸில் வந்து பாருங்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல். அரசாங்கக் கணக்கில் காடு என்று சொல்ல இடையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. பிறகு எப்படி இந்தக் குருவி இத்தனை காலம் இந்த வழியாக வந்தது?

அந்தக் காலத்து ஊரை நினைத்துப் பாருங்கள். வெண்ணாறு, வெட்டாற்றுக் கரைகளில் மூங்கில் கொத்துகள். கோயிலை ஒட்டி நந்தவனம். அய்யனார் கோயிலைச் சுற்றி யாரும் கை வைக்காத மரக்கூட்டம். ஊருக்கு வெளியே மாந்தோப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீளமாக ஒரு கொல்லை. வாழை, முருங்கை, மருதாணி, கிணற்றடி ஈரம், யாரும் கூட்டாத சருகு. மனிதர்கள் கொல்லைக்கு விடியற்காலையும் அந்தியிலும்தான் போவார்கள், நடுப்பகலில் அது பறவைகளுக்குச் சொந்தம். ஆறுமணிக்குருவிக்கு டெல்டாவில் இருந்த காடு அதுதான். ஒரே இடத்தில் பெரிய காடு கிடையாது, ஊருக்கு ஊர் சின்னத் துண்டுகளாகக் கிடந்தது.

என் தாத்தா வீட்டுக் கொல்லை இருந்த இடத்தில் இன்று ஒரு திருமண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை, விற்ற பத்திரத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. நாம் குடியிருக்கும் இந்த இடமும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய தோப்பு. அதில் மிச்சம் இருப்பது பின்பக்கத்து அறுபது அடிதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னை மட்டும் போகவில்லை. மாவும் பலாவும் புளியும் வேரோடு சாய்ந்தன. வலசைப் பறவைகள் வந்து இறங்கும் மாதத்தில்தான் அந்தப் புயல் அடித்தது. ஒரு மரத்தை மறுபடி வளர்த்துக்கொள்ள நமக்கு இருபது ஆண்டு ஆகும். குருவிக்கு அடுத்த ஐப்பசியிலேயே நிழல் தேவைப்பட்டிருக்கும்.

கொடிக்கரையின் பாடம்

இந்தப் பயணத்தின் கடைசிப் படி நம் டெல்டாவில்தான் இருக்கிறது. கொடிக்கரை. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குப் பூங்குழலி படகு ஓட்டிய இடம். வந்தியத்தேவன் அங்கிருந்துதான் இலங்கைக்குக் கடல் கடந்தான். பறவைகளுக்கும் அதுதான் துறைமுகம். அங்கிருந்து பாக் நீரிணையைக் கடந்தால் யாழ்ப்பாணக் கரை, தூரம் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடல் தாண்டும் முன் கடைசியாக இறங்கி இரை தேட அங்கே பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடு இருக்கிறது.

பறவை ஆய்வாளர் சாலிம் அலி அந்த இடத்தின் அருமையை உணர்ந்து எடுத்துச் சொன்னவர். 1967-இல் கொடிக்கரை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1883-இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல்லாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு வளையம் மாட்டி விட்டுவிடுகிறது. அதே பறவை வேறொரு ஊரில் கிடைத்தால், அது எங்கிருந்து எங்கே போனது என்று தெரிந்துவிடும். 2002-இல் கொடிக்கரை ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பூநாரைகளைப் பார்க்கத்தான் அங்கே கூட்டம் போகிறது. நானும் அதற்குத்தான் போனேன். ஆனால் காட்டுக்குள் அந்தி நேரத்தில் நான்கு பக்கமும் அந்த இரண்டு சுர விசில் கேட்டது. ஒன்று கூப்பிட, இன்னொன்று பதில் சொல்ல, பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அப்போது எனக்குத் தோன்றியது இதுதான்: இமயத்தைக் காப்பாற்றிவிட்டோம், கொடிக்கரையையும் காப்பாற்றிவிட்டோம் என்று வைத்துக்கொண்டாலும், நடுவில் இறங்க இடம் இல்லையென்றால் குருவி எப்படி வந்து சேரும்?

இதைத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. காசியிலிருந்து ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்காக நம் மராட்டிய அரசர்கள் வழியெல்லாம் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். வந்தவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போட்டார்கள், உடம்பு சரியில்லாதவருக்கு மருந்து கொடுத்தார்கள். சத்திரத்தில் யாரும் ஆயுளுக்கும் தங்குவதில்லை. ஆனால் சத்திரம் இல்லையென்றால் யாத்திரையே இல்லை. நம் பின்பக்கத்து அறுபது அடி அப்படி ஒரு சத்திரம்.

அங்கே தங்குவது ஆறுமணிக்குருவி மட்டும் இல்லை. வேம்பின் உச்சியில் ஓயாமல் கிசுகிசுக்கும் பச்சைக் கதிர்க்குருவி கோடையில் இமயத்திலும் சைபீரியக் காடுகளிலும் இருப்பது. எடை பத்து கிராம்கூடத் தேறாது. பழுப்புக் கீச்சான் ஆசியாவின் வட பகுதிகளிலிருந்து வருவது. கொடிக்கால் வாலாட்டி வடகிழக்கிலிருந்து. வெள்ளை ரிப்பன்போல நீண்ட வாலோடு அரசவால் ஈப்பிடிப்பானும் போன மாதம் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனது. சி பிளாக் பிள்ளைகள் பார்த்தார்கள், கேட்டால் சொல்வார்கள்.

நான் செய்த தவறு

இந்த ஆண்டு விழுந்த குருவி பிழைத்துவிட்டது. ஆனால் மூன்று ஆண்டுக்கு முன்னால் இதே கண்ணாடியில் மோதி ஒன்று விழுந்தது. அதை நான்தான் எடுத்தேன். பதறிப்போய்க் கையில் வைத்துக்கொண்டு, அலகைப் பிரித்து, சொட்டு மருந்துக் குழலில் தண்ணீர் ஊற்றினேன். பிள்ளைகள் சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். ஐந்து நிமிடத்தில் என் உள்ளங்கையிலேயே கண்ணை மூடிவிட்டது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மயங்கிய பறவைக்கு வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அத்தனை தூரம் பறந்து வந்ததை நல்ல எண்ணத்தோடு நான் கொன்றிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் கமிட்டியில் இருந்தபோது வாராவாரம் பின்பக்கத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்தச் சொன்னவனும் நான்தான். இடம் சுத்தமாக இருந்தது. இந்தக் குருவிக்குச் சாப்பாடு முழுவதும் சருகுக்கு அடியில்தான் இருக்கிறது. மண்புழு, கரையான், வண்டு, நத்தை. வாராவாரம் அதன் பந்தியை நெருப்பு வைத்துக் கொளுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே, அடுத்த முறை ஒரு குருவி விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று சொல்கிறேன். ஒரு செருப்புப் பெட்டியை எடுங்கள். நான்கைந்து ஓட்டை போடுங்கள். அடியில் பழைய பருத்தித் துணியை விரியுங்கள். துணியால் மூடியபடி குருவியை மெதுவாக எடுத்து உள்ளே வைத்து மூடுங்கள். சோறு, தண்ணீர் எதுவும் வேண்டாம். பூனை, பிள்ளைகள், மின்விசிறி எதுவும் இல்லாத இருட்டு மூலையில் ஓரிரு மணி நேரம் விடுங்கள். அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது, அந்தப் பயமே அதைக் கொல்லும். பெட்டிக்குள் அசையும் சத்தம் கேட்டால், புதர் ஓரம் கொண்டுபோய்த் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இறக்கை தொங்கினாலோ, ரத்தம் வந்தாலோ, எழவே இல்லையென்றாலோ, வனத்துறைக்குச் சொல்லிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகலாம். ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அழகாக இருக்கிறது என்று கூண்டில் வைத்துக்கொள்ள மட்டும் நினைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். புழு பூச்சி தின்னும் இந்தப் பறவை கூண்டில் பிழைப்பதும் கடினம்.

இந்த ஆண்டு அப்படித்தான் செய்தோம். காலை ஏழு மணிக்குப் பெட்டியில் வைத்தது, ஒன்பது மணிக்கெல்லாம் உள்ளே குதிக்கத் தொடங்கியது. நொச்சிக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்தேன். ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு கட்டை வாலை ஆட்டிக்கொண்டு, தத்தித் தத்தி, மூங்கிலுக்குள் போய்விட்டது. மறுநாள் மாலை ஐந்து ஐம்பதுக்கு விசில் கேட்டது.

கண்ணாடியும் விளக்கும்

ஒரே கண்ணாடியில் மூன்று ஆண்டில் இரண்டு குருவி மோதியிருக்கிறது. நமக்குத் தெரிந்தது இரண்டு. விடியும் முன் பூனை தூக்கிப்போனது எத்தனையோ. அந்தக் கண்ணாடியில் எதிரே இருக்கும் வேப்பமரம் அப்படியே தெரிகிறது. குருவிக்கு அது மரம். நேராகப் பறந்து போய் மோதுகிறது.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. அமெரிக்காவில் சிகாகோ நகரத்து ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற பெரிய மாநாட்டு மையம் இருக்கிறது. 2023 அக்டோபர் 5 அன்று, வடக்கே கனடாக் காடுகளிலிருந்து தெற்கே வலசை போன சிறு பாடும் பறவைகள் ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் அந்த ஒரு கட்டடத்தின் கண்ணாடியில் மோதி இறந்து கிடந்தன. அடுத்த ஆண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணாடி முழுவதும் சின்னச் சின்னப் புள்ளிகள் கொண்ட மெல்லிய படலம் ஒட்டினார்கள். அவ்வளவுதான். மோதல்கள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டன.

நம் ஜிம் கண்ணாடிக்கு அத்தனை செலவு வேண்டாம். வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வீதம் வைத்தால் போதும். மார்கழிக் கோலம் போடுகிறவர்கள் இந்த வளாகத்தில் இத்தனை பேர் இருக்கிறீர்கள். புள்ளி வைப்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

இன்னொன்று விளக்கு. மேகமூட்டமான மழை இரவுகளில் பலமான வெளிச்சம் வலசைப் பறவைகளைத் திசை தடுமாற வைக்கும். மொட்டை மாடியில் மேல்நோக்கி எரியும் இரண்டு ஃபோகஸ் விளக்குகளை அக்டோபர், நவம்பரிலும் ஏப்ரலிலும் இரவு பத்து மணிக்கு மேல் அணைத்து வைக்கலாம். படிக்கட்டு விளக்கும் கேட் விளக்கும் எரியட்டும், பாதுகாப்பில் கை வைக்கச் சொல்லவில்லை. மின் கட்டணமும் கொஞ்சம் குறையும், பொருளாளர் சிரிக்கிறார் பாருங்கள்.

உங்கள் கேள்விகள்

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு முன்னாலேயே சிலர் கேட்டும்விட்டார்கள்.

புதர் இருந்தால் பாம்பு வருமே என்கிறார்கள். நியாயமான பயம், சிறு பிள்ளைகள் விளையாடும் இடம். ஆனால் பாம்பு வருவது எலிக்காக, எலி வருவது நாம் மதிலோரம் வீசும் மிச்சச் சோற்றுக்காக. வீசுவதை முதலில் நிறுத்துவோம். நடைபாதையை ஒட்டி மூன்றடி அகலத்துக்குச் செடியை வெட்டிச் சுத்தமாக வைத்துக்கொள்வோம். சின்னதாக ஒரு கம்பி வேலி போட்டால் பிள்ளைகள் பந்து எடுக்க உள்ளே போக மாட்டார்கள்.

கொசு வருமே என்கிறார்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில். பூந்தொட்டித் தட்டு, உடைந்த வாளி, பழைய டயர், மாடியில் மூடாத தொட்டி. சருகில் அது வளராது. ஆனால் புதருக்குள் வீசப்பட்ட டம்ளரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் வளரும். அவற்றை மாதம் ஒரு முறை நானே பொறுக்கிவிடுகிறேன்.

வண்டி எங்கே நிறுத்துவது என்கிறார்கள். இதுதான் உண்மையான கஷ்டம், மழுப்ப மாட்டேன். இருபத்தைந்து வண்டிக்கு இடம் இல்லை. நான் நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்தேன். ஜெனரேட்டர் அறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே வெறுமனே கிடக்கும் சிமென்ட் தரையில் பதினைந்து வண்டி நிற்கும். மீதிப் பத்து வண்டிக்குப் பின்பக்க இடத்தில் வாசலோரப் பதினைந்து அடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரிய மரம் எதுவும் இல்லை. மரங்களும் மூங்கிலும் இருக்கும் நாற்பத்தைந்து அடியை விட்டுவிடுங்கள். மழையில் நனையாமல் வண்டி நிறுத்த முடியாதே என்று ஏ பிளாக் நண்பர் கேட்டார். உண்மைதான், தொட்டிப் பக்கம் கூரை கிடையாது. அதற்கு ஒரு தகரக் கூரை போடுவதென்றால் முதல் நன்கொடை என்னுடையது.

இந்தக் குருவி அழியும் நிலையிலா இருக்கிறது, எதற்கு இவ்வளவு பேச்சு என்றும் ஒருவர் கேட்டார். இல்லை. உலக அளவிலான செம்பட்டியலில் அழியும் ஆபத்து இல்லாத இனங்களோடுதான் இதைச் சேர்த்திருக்கிறார்கள். நம் நாற்பத்தைந்து அடியால் ஓர் இனமே பிழைக்கும் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் கடைசி ஒன்று மிஞ்சும்போது கூண்டு கட்டிக் காப்பாற்றுவதைவிட, நிறைய இருக்கும்போதே இடம் விட்டு வைப்பது சுலபம், செலவும் இல்லை. நம் சின்ன வயதில் ஓட்டு வீட்டு உத்தரத்தில் இருந்த சிட்டுக்குருவிக்கு யாராவது கூட்டம் போட்டுப் பேசினோமா?

நான் கேட்பது

மூன்றே மூன்று. பின்பக்கத்தில் நாற்பத்தைந்து அடியை அப்படியே விடுவது, அங்கே சருகைக் கூட்டாமலும் கொளுத்தாமலும் இருப்பது. ஜிம் கண்ணாடிக்குப் புள்ளி. வலசை மாதங்களில் மாடி விளக்கை அணைப்பது.

ஆசைக்கு நான்காவது ஒன்று. ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எழுதி, இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். பறவைகள் குறைகின்றனவா கூடுகின்றனவா என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இப்படிச் சாதாரண மக்கள் சேர்த்த குறிப்புகளை வைத்துத்தான். நாடு முழுவதும் 942 இனங்களைப் பற்றி 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைக்கும் அதுவே அடிப்படை. இந்தப் பொங்கலுக்குக் கரும்பு கடித்துக்கொண்டே நம் வளாகத்துப் பட்டியலையும் அனுப்புவோம். நம்மிடம் ஏற்கெனவே ஆறுமணிக்குருவி இருக்கிறது, பெரிய தோட்டம் வைத்திருப்பவர்களே பொறாமைப்படுவார்கள்.

மணி ஐந்து நாற்பது. நான் பேச்சை முடித்துக்கொள்கிறேன். காபி ஆறட்டும், பரவாயில்லை. விருப்பம் உள்ளவர்கள் என்னோடு பின்பக்கம் வாருங்கள். செல்போனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் போதும். ஓட்டு யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள். அந்த விசிலை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போடுங்கள்.



(அன்று மாலை பதினெட்டுப் பேர் பின்பக்கம் சென்றனர். 5.52-க்குக் குரல் கேட்டது. பின்பக்க இடம் குறித்த தீர்மானம் தை மாதப் பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ளப்படும். உறுப்பினர்கள் தவறாமல் கலந்துகொள்ளவும். – செயலாளர்)